62 வயதில் ஊர் நூலகத்தைத் திறக்கப் பார்க்கிறேன், வீண் வேலையா?

ஊர்திரும்பி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 62. முப்பத்து நான்கு வருடம் சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நானும் மனைவியும் ஒரு பசுவும்தான்.

கல்லூரியில் படித்தபோது நான் வேறு ஆள். எண்பதுகளின் தொடக்கம். ராத்திரியில் சுவரெழுத்து, பகலில் உண்டியல் குலுக்கல், பத்தே வருடத்தில் நாடே தலைகீழாக மாறிவிடும் என்று சத்தியமாக நம்பினோம். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக்கடன். மாறியது நான்தான். இப்போது நேரம் இருக்கிறது, பென்ஷன் வருகிறது, உள்ளே அந்தப் பழைய ஆள் மறுபடி கதவைத் தட்டுகிறான். ஆனால் நாட்டை மாற்ற இனி முட்டி ஒத்துழைக்காது. அதனால் ஊரில் ஏதாவது ஒன்று, கைக்கு அடக்கமாக.

போன வருடம் ஊருணியில் கை வைத்தேன். வீடு வீடாகப் போய் 1,40,000 ரூபாய் சேர்த்தோம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, ஜேசிபி வைத்து மூன்று நாள் வண்டல் எடுத்தோம். நாலாவது நாள் காலையில் ‘மண் யாருக்கு’ என்று சண்டை. ஒரு பக்கத்து ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டரில் அடித்துவிட்டார்கள் என்று இன்னொரு பக்கம் கிளம்ப, யாரோ வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட, ‘அனுமதிக் கடிதம் எங்கே’ என்று அவர் கேட்க, ஜேசிபி திரும்பிப் போனது. அடுத்த வாரம் மழை. இப்போது ஊருணி பாதி பள்ளம், பாதி மேடு. டீக்கடையில் அதை என் பெயர் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள்.

இப்போது கண்ணில் படுவது நூலகம். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டினார்களே, அந்த ஒற்றை அறைக் கட்டடம். எங்கள் ஊரில் அது பூட்டிக்கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், பழைய தெருவிளக்குகள், அவற்றுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அந்தக் காலத்தில் வாங்கிய புத்தகங்கள். அதைத் திறந்து, மாலை ஆறு முதல் எட்டு வரை நானே உட்கார்ந்து, பிள்ளைகள் வந்து படிக்கட்டும் என்று ஒரு எண்ணம்.

மனைவி கேட்டாள்: “ஆசை நூலகத்து மேலயா, இல்ல நாலு பேர் உங்கள ஐயான்னு கூப்பிடணும்ங்கறது மேலயா?” இன்னும் பதில் சொல்லவில்லை.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இதெல்லாம் ஏதாவது மாற்றுமா, இல்லை பொழுதுபோகாத கிழவனின் வேலையா?

மடைக்காரன்:

அண்ணே, நூலகம் பற்றி எனக்குத் தெரியாது. ஊருணி பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரிலும் இதே கூத்து நடந்தது.

நீங்கள் பணம் சேர்த்தீர்கள், மரம் பிடுங்கினீர்கள், ஆனால் மண்ணைப் பங்கு வைக்கவில்லை. வண்டல் என்றால் சும்மா மண் இல்லை, வயலில் கொட்டினால் இரண்டு வருடத்து எரு. அது கரையில் வந்து குவிந்தால் கை நீளத்தான் செய்யும். நாங்கள் இரண்டாவது முறை செய்தபோது ஜேசிபிக்குச் சொல்வதற்கு முன்னாலேயே கோயில் வாசலில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை லோடு என்று நோட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்கினோம். நிலம் இல்லாதவர்களுக்கு வீட்டு மனை மேடேற்ற இரண்டு லோடு. அதற்கே மூன்று கூட்டம் ஆனது. மண் எடுத்தது ஐந்தே நாள்.

அனுமதி விஷயம்: விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் இலவசம்தான், 2024 ஜூலையிலிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். ஆனால் அந்த நீர்நிலையின் பெயர் மாவட்ட அரசிதழில் வந்திருக்க வேண்டும். அதை முதலில் பாருங்கள். பெரிய கண்மாய், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளது, முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தது, இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கிறது. சின்னது ஒன்றியத்திடம். ஊருணி பெரும்பாலும் ஊராட்சியிடம். யாரிடம் போவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் அலைகிறார்கள்.

இன்னொன்று, ஊருணியை மட்டும் தோண்டிப் பிரயோசனம் இல்லை. தண்ணீர் வருகிற வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் மூன்று வீட்டுத் திண்ணை அதன் மேல்தான் இருந்தது. அதில் ஒன்று என் மாமனார் வீடு. எப்படிப் பேசி எடுத்தோம் என்று கேட்காதீர்கள்.

கேள்விக்காரன்:

தோழர், கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

1948-லேயே இங்கே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதில் இருக்கிறது. அன்றிலிருந்து சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்து காசு. நீங்களும் கட்டுகிறீர்கள், உங்கள் ஊரில் குடிசைக்காரரும் கட்டுகிறார். கட்டிய வரிக்கு நூலகம் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, நீங்களே போய்த் தூசி தட்டி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ‘அந்த ஊரில் ஒரு பெரியவர் பார்த்துக்கொள்கிறார்’ என்று அரசு கை கழுவும். நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றால் மறுபடி பூட்டு.

இந்தச் சின்னச் சின்ன நற்பணி எல்லாம் நம் மனசாட்சிக்குத் தடவுகிற மருந்து என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வயதானால் போராட முடியாது என்பதும் சாக்கு. காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதன் எண்பதை ஒட்டிய வயதில்தான் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவர் மனைவி கிருஷ்ணம்மாள் 55 வயதில்தான் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித்தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார், 1981-ல். அவர்கள் பூட்டிய அறையைத் திறந்து கதைப்புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

அறிவொளி91:

கேள்விக்காரன் சொன்னதில் ஒரு பாதி சரி, மறுபாதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கிருஷ்ணம்மாள் 55 வயதில் திடீரென்று எழுந்து வந்துவிடவில்லை. ஐம்பதுகளில், நிலம் உள்ளவர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகுதான் அவரும் கணவரும் தஞ்சைப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள், அதற்கும் லாஃப்டிக்கும் நடுவில் பதிமூன்று வருடம். அந்த லாஃப்டியும் என்ன செய்தது? ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதுவும் பெண் பெயரில். வங்கிக்கும் பத்திர அலுவலகத்துக்கும் நடையாக நடந்து, ஒவ்வொரு பட்டாவாக. இதைப் பெரிய வேலை என்பீர்களா, சின்ன வேலை என்பீர்களா? எனக்குத் தெரியவில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 1991-92-ல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன், வயது 27. சம்பளம் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல், கல்லுடைத்துவிட்டு வந்த பெண்கள் குளித்துச் சோறாக்கிவிட்டு அரிக்கேன் விளக்கோடு வந்து உட்காருவார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம், பாட்டுக் கட்டினோம், நாடகம் போட்டோம். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் பழக்குவதையும் இதோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கில் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகினார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த கிண்டல் பேச்சை இங்கே எழுத முடியாது.

பிறகு என்ன ஆனது என்று கேட்டால், என் குழுவில் எழுதப் படிக்கப் பழகியவர்களில் பாதிப் பேர் பத்து வருடத்தில் மறந்துவிட்டார்கள். படிப்பதற்கு ஊரில் எதுவும் இல்லை, பேருந்துப் பலகை தவிர. இயக்கம் போன பிறகு தொடர் வகுப்பு என்று சொன்னார்கள், எங்கள் ஊரில் அது தரை தட்டிவிட்டது. ஆனால் சைக்கிளை யாரும் மறக்கவில்லை. அதற்கு ஆசிரியர் தேவையில்லை, அனுமதி தேவையில்லை, தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு அவரவர் போய்க்கொண்டே இருந்தார்கள்.

உங்களுக்கு என் கேள்வி ஒன்றுதான். நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது? ஊர்ப்பக்கமா, காலனிப் பக்கமா? நடுவில் என்றால் எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்? நீங்கள் எழுதிய அவ்வளவு பெரிய பதிவில் அது இல்லை. ‘பிள்ளைகள் வந்து படிக்கட்டும்’ என்கிறீர்கள், எந்தப் பிள்ளைகளால் அந்தத் தெருவுக்குள் சைக்கிளை விட்டு இறங்காமல் வர முடியும்? எண்பதுகளில் சுவரில் எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மடைக்காரன்:

அறிவொளி ஐயா சொன்னது ஊருணிக்கும் பொருந்தும். ஊரே சேர்ந்து குளம் கண்மாயைப் பராமரிக்கிற குடிமராமத்து என்று பெருமை பேசுகிறோம், 2017-ல் அரசே அந்தப் பெயரில் திட்டமும் போட்டது. பழைய குடிமராமத்தில் யார் மண் சுமந்தார்கள், யார் கரையில் குடை பிடித்து நின்று கணக்குப் பார்த்தார்கள் என்று எங்கள் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் 1858-ல் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தான்.

ஊர்திரும்பி:

அறிவொளி ஐயா, சரியான இடத்தில் குத்திவிட்டீர்கள். நூலகம் ஊர்ப்பக்கத்தில், மந்தைக்கு (ஊர்ப் பொதுத்திடலுக்கு) அருகில் இருக்கிறது. காலனி கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஊருணி வேலைக்கு வசூல் போனபோதும் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ‘அவர்களிடம் ஏன் காசு வாங்கணும்’ என்று பெருந்தன்மை போலச் சொல்லிக்கொண்டோம். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் புரிகிறது. மண்ணிலும் அவர்களுக்குப் பங்கு வந்திருக்காது.

கேள்விக்காரன் தோழர், நூலக வரி விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. கணக்குப் பிரிவில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைச்சேலை:

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், வயது 64. மூன்று வருடமாக ஒரே ஒரு வேலை செய்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் உட்காருவேன். பிரஷர் பார்ப்பேன், சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று அட்டையை எண்ணிப் பார்ப்பேன். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். ஆனால் வந்த மாத்திரை அரிசிப்பானைக்குள் போய்விடுகிறது. “உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு திங்கணும்” என்பார்கள். அப்புறம் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது, வங்கியில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிய கிழவிக்குத் துணைக்குப் போவது. இவ்வளவுதான்.

அண்ணா, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுப் பணத்தில் கை வைக்காதீர்கள், பென்ஷனில் மாதம் இவ்வளவு என்று மனைவியிடம் சொல்லி அவர் சம்மதித்த தொகையோடு நிறுத்துங்கள். சங்கம் பதியாதீர்கள், அது தலைவர் யார் பொருளாளர் யார் என்று ஒரு வருடத்தைத் தின்றுவிடும். பெயர்ப்பலகை வைக்காதீர்கள். முக்கியமாக, தினமும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் மாதம் நான் தினமும் போனேன், இரண்டாம் மாதம் முட்டி வீங்கிப் படுத்தேன், ‘அந்தம்மா அவ்வளவுதான்’ என்றார்கள். செவ்வாய் மட்டும் என்று வைத்த பிறகு மூன்று வருடத்தில் தவறியது நாலு செவ்வாய். அதில் ஒன்று என் வீட்டுக்காரர் இறந்த வாரம்.

இது எதையாவது மாற்றுமா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் போன வருடம் பக்கவாதம் வந்து விழுந்தவர் இரண்டு பேர். நான் உட்காராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று எப்படிச் சொல்வது? வராமல் போன நோய்க்குக் கணக்கு எழுத முடியாது அண்ணா. நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் சொல்கிறேன், இது உங்களை ரொம்பத் தொந்தரவு செய்யும்.

உங்கள் மனைவி கேட்டதும் நல்ல கேள்வி. எனக்கும் ‘நர்சம்மா’ என்று கூப்பிட்டால் பிடிக்கத்தான் செய்கிறது. அது குற்றமில்லை. அது இல்லாவிட்டால் வெயிலில் யார் போய் உட்காருவார்?

செம்மண்பாதை:

நான் இரண்டாம் வருடம் பி.எஸ்சி. படிக்கிறேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஆனால் யாரும் பிள்ளைகள் பக்கமிருந்து எழுதவில்லை.

எங்கள் ஊரிலும் ஓய்வுபெற்ற ஒரு ஐயா இப்படி ஒரு படிப்பகம் திறந்தார். நல்லவர். செருப்பை வரிசையாகக் கழற்றணும், பேசக்கூடாது, போனை ஒரு டப்பாவில் போட்டுவிடணும். புத்தகம் எடுத்தால் மறுவாரம் வந்து கதையைச் சொல்லணும். முதல் வாரம் முப்பது பேர், மூன்றாம் வாரம் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் அவர் பேரன்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கிற பழக்கமே இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் வர முடியாது என்று சாவியை என்னிடமும் என் தோழியிடமும் கொடுத்தார். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் முதலில் செய்தது நேரத்தை மாற்றியது. அவர் வைத்தது ஆறு முதல் எட்டு. ஐயா, உங்கள் நேரமும் அதேதான்! ஆறரைக்கு மேல் எந்த வீட்டிலும் பெண் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள், இது கூடவா தெரியாது? நாலரை முதல் ஆறேகால் என்று வைத்தோம். போனை உள்ளே விட்டோம், ஏனென்றால் குரூப் 4 பழைய வினாத்தாள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குரூப் 4-க்குப் படிக்கிற அக்காக்கள் வர ஆரம்பித்தார்கள், அவர்கள் தம்பி தங்கச்சிகளும் கூடவே வந்தார்கள். சின்னதுகள் படக்கதைப் புத்தகம் எடுத்தன. சத்தம் இருக்கத்தான் செய்தது.

ஐயா கண் சரியாகி வந்தார். வாசலில் செருப்பு கண்டபடி கிடந்தது. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, திண்ணையில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. இப்போது அவர் வேலை மின்கட்டணம் கட்டுவது, அப்புறம் எங்களுக்காக ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவது. பிள்ளைகளை யாரும் அங்கே மதிக்கமாட்டார்கள், அவரை உட்காரச் சொல்லி டீ கொடுப்பார்கள்.

கேள்விக்காரன்:

இந்தப் பெண் எழுதியதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஊர்திரும்பி, அந்தக் கட்டடம் நூலகத் துறையுடையது அல்ல, ஊராட்சியுடையது. மாவட்ட நூலக அலுவலருக்கு மனுப் போட்டு ஆறு மாதம் வீணாக்காதீர்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு சபை, பழைய நாலோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்துவிட்டது. தீர்மானத்தில் ‘பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வார்’ என்று எழுத விடாதீர்கள். திறந்து நடத்துவது ஊராட்சியின் பொறுப்பு, உதவிக்குத் தன்னார்வலர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். வார்த்தை முக்கியம்.

ஊர்திரும்பி (ஏழு வாரம் கழித்து):

எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கிராம சபையில் தீர்மானம் வைத்தேன். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டதால் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். அவருக்கு ஆட்சேபணை இல்லை. சாவி வைத்திருந்த ஊழியருக்குத்தான் பிளீச்சிங் பவுடரை எங்கே வைப்பது என்று கவலை. எங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலை கொடுத்திருக்கிறேன். மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை, பசுவும் அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் போனேன். முதல் நாள் யாரும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. நூலகம் என்றதும் ஒரு பெரியவர், “கட்டுனப்பயே எங்க பக்கம் கட்டுங்கன்னு கேட்டோம் தம்பி, அப்ப நீங்க மெட்ராஸ்ல இருந்தீங்க” என்றார். மூன்றாவது தடவை போனபோது ஒரு பெண், நர்சிங் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவள், தன் வீட்டு முன்திண்ணையில் ஒரு அலமாரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மந்தைக்கு வரமாட்டேன் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதனால் இப்போது புத்தகம் இரண்டாகப் பிரிகிறது. இது தீர்வு இல்லை, பிரிவினையை நானே அலமாரி போட்டு உறுதிசெய்கிற மாதிரி ஒரு உறுத்தல் இருக்கிறது. அறிவொளி ஐயா திட்டுவார் என்று தெரியும்.

நேரம் நாலரை முதல் ஆறேகால். சாவி இரண்டு அடித்தாயிற்று, எதுவும் என்னிடம் இல்லை. ஒன்று மந்தைத் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம், இன்னொன்று அவள் சித்தியிடம்.

ஒரு அவசரக் கேள்வி: கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் கரையான். நாற்பது ஐம்பது இருக்கும். என்ன செய்வது?

அறிவொளி91:

திட்டவில்லை. மாதம் ஒரு முறை இரண்டு அலமாரிப் புத்தகங்களையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு யாராவது ஒருவர் அந்தத் தெருவுக்கோ இந்தத் தெருவுக்கோ நடந்துதானே ஆகவேண்டும்.

செம்மண்பாதை:

ஐயா, அரித்ததை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், மற்றதற்குப் பரவிவிடும். அட்டை மட்டும் போனதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தட்டினால் தேறும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, காலுக்கடியில் செங்கல் வையுங்கள். நாங்கள் சுவரை ஒட்டி வைத்து ஒரு வருடத்துப் புத்தகத்தை இழந்தோம். தேறாததைக் குப்பையில் போடாதீர்கள், சின்னதுகளிடம் கொடுத்தால் படத்தை வெட்டி ஒட்டும்.